டபுள்ஸா, டேண்டமா? பாதி உன் மொழி, பாதி என் மொழி

இந்த எபிசோட்ல ஒரு சின்ன விதியோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். விதி இவ்வளவுதான்: பாதி நேரம் உன் மொழி, பாதி நேரம் என் மொழி.

இன்னைக்கு உங்க போன்ல இருக்கிற எந்த மொழிப் பரிமாற்ற ஆப்பை எடுத்தாலும் அதுக்கு அடிப்படை இந்த விதிதான். நீங்க ஜப்பானிய மொழி கத்துக்கணும், ஒசாகாவுல ஒருத்தர் இங்கிலீஷ் கத்துக்கணும். ரெண்டு பேரும் வீடியோ கால்ல உட்காருறீங்க. முதல் அரை மணி நேரம் நீங்க திக்கித் திணறி ஜப்பானிய மொழி பேசுவீங்க, அவர் பொறுமையா திருத்துவார். அடுத்த அரை மணி நேரம் அவர் திணறுவார், நீங்க திருத்துவீங்க. காசு கிடையாது, வாத்தியார் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

கேட்க ரொம்ப இயல்பா இருக்கு, இல்லையா? ஆனா இந்த ஏற்பாடு தானா வந்துடல. இதுக்கு 120 வருஷத்துக்கும் மேல வரலாறு இருக்கு. அதுல போர் வருது, டைட்டானிக் வருது, கேமரூன்ல எட்டுப் பேர் மட்டுமே பேசின ஒரு மொழி வருது. ஆரம்பத்துல இருந்து ஒரு கேள்வியும் கூடவே வருது: இந்தக் கொடுக்கல் வாங்கல்ல யார் கொடுக்கிறாங்க, யார் வாங்கிக்கிறாங்க?

இந்தக் கேள்வியைப் புரிஞ்சுக்க சைக்கிளை நினைச்சுக்கோங்க. ஸ்கூல் படிக்கும்போது டபுள்ஸ் போயிருப்பீங்க. ஒருத்தன் மூச்சு வாங்க மிதிப்பான், இன்னொருத்தன் கேரியர்ல ஜாலியா உட்கார்ந்து வருவான். இன்னொரு வகை சைக்கிளும் இருக்கு. ரெண்டு சீட், ரெண்டு பேருக்கும் பெடல். அதுக்குப் பேர் டேண்டம். ரெண்டு சைக்கிள்லயும் ரெண்டு பேர் போறாங்க. மிதிக்கிறது யாருங்கிறதுலதான் வித்தியாசம். மொழி கத்துக்கிறதோட வரலாறே ஒரு விதத்துல டபுள்ஸ்ல இருந்து டேண்டத்துக்கு மாறப் பார்த்த கதைதான்.

மிதித்தவர்கள் ஒரு பக்கம், உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம்

டபுள்ஸுக்கு உதாரணம் தேடி நாம ரொம்ப தூரம் போக வேண்டாம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். நூறு வருஷம் கழிச்சு, 1812-ல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னால நின்றவர் எல்லிஸ். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக லண்டன்ல இருந்து வந்த இளைஞர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலான மொழிகளைச் சொல்லிக்கொடுக்கிறதுதான் அதோட வேலை.

அங்க பாடம் நடத்தினவங்க நம்ம ஊர்ப் புலவர்களும் முன்ஷிகளும். தாண்டவராய முதலியார் மாதிரி பெரிய அறிஞர்கள் அங்க வேலை பார்த்தாங்க. சம்பளம் வாங்கினாங்க, அதுல தப்பு எதுவும் இல்லை. ஆனா அது பரிமாற்றம் கிடையாது. கத்துக்கிட்ட இளைஞர் கலெக்டராவும் ஜட்ஜாவும் போவார். கத்துக்கொடுத்தவர் அடுத்த பேட்சுக்கு மறுபடியும் அகர வரிசையில இருந்து ஆரம்பிப்பார். அந்த மொழியைத் தாய்மொழியா பேசுறவர் அங்க ஒரு வேலையாள். அவரும் எதையாவது கத்துக்க ஆசைப்படுவாரான்னு யோசிக்கிற அவசியமே அந்த ஏற்பாட்டுல இல்லை.

ரெண்டு பேருமே மாணவர்கள், ரெண்டு பேருமே ஆசிரியர்கள்னு சொல்ற யோசனை எப்போ வந்தது? அதுக்கு நாம பிரான்ஸுக்குப் போகணும்.

கடிதத்தில் தொடங்கிய கைமாற்று

1890-களின் கடைசி. பிரான்ஸின் தெற்கே திராகின்யான்னு ஒரு சின்ன ஊர். அங்க ஒரு பள்ளிக்கூடத்துல மியேய் என்கிறவர் ஆங்கில ஆசிரியரா இருந்தார். நம்ம ஊர் டீச்சர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச அதே பிரச்சினைதான் அவருக்கும். பசங்க இலக்கணம் ஒப்பிப்பாங்க, வாய்ப்பாடு மாதிரி வினைச்சொற்களைச் சொல்லுவாங்க, ஆனா ஒரு ஆங்கிலேயரை வாழ்க்கையில பார்த்ததே கிடையாது. அவர் ஒரு வழி கண்டுபிடிச்சார். இங்கிலாந்துல ஃப்ரெஞ்ச் படிக்கிற பசங்க இருக்காங்க. இங்க ஆங்கிலம் படிக்கிற பசங்க இருக்காங்க. ஒவ்வொருத்தரையும் ஒருத்தரோட ஜோடி சேர்த்துவிட்டா என்ன?

1897-ல் இந்தத் திட்டம் சூடு பிடித்தது. லண்டனில் அதற்குக் கைகொடுத்தவர் டபிள்யூ. டி. ஸ்டெட். அந்தக் காலத்துல ரொம்பப் பிரபலமான பத்திரிகையாளர். தன்னோட 'ரிவ்யூ ஆஃப் ரிவ்யூஸ்' பத்திரிகை மூலமா பள்ளிக்கூடங்களுக்கு அழைப்பு விட்டு, ஜோடி சேர்க்கிற வேலைக்கு உதவினார். இந்த ஸ்டெட்தான் பின்னாடி 1912-ல் டைட்டானிக் கப்பலோட மூழ்கி இறந்தவர்களில் ஒருவர். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் மார்ட்டின் ஹார்ட்மன் என்கிற ஆசிரியர் இதே மாதிரி ஒரு மையத்தை நடத்தினார்.

இதுல நான் கவனிக்கச் சொல்றது அந்தக் கடிதங்களோட அமைப்பை. கத்துக்கிற மொழியில எழுதணும், தாய்மொழியிலயும் எழுதணும். வந்த கடிதத்துல இருக்கிற தப்பைத் திருத்தி அனுப்பணும். அதாவது ஒரே பையன் ஒரு வாரம் மாணவன், இன்னொரு வாரம் வாத்தியார். அவன் எழுதுற ஃப்ரெஞ்ச் கடிதம் லண்டன்ல இருக்கிறவனுக்குப் பாடப் புத்தகம். 'பாதி உன் மொழி, பாதி என் மொழி' விதி இங்க தெளிவா உருவாகிடுச்சு.

அப்போ அரசியல் நிலவரம் எப்படி இருந்ததுன்னும் பாருங்க. பிரான்ஸும் ஜெர்மனியும் 1870-71-ல் போர் புரிந்து, பிரான்ஸ் தோத்து, இன்னும் அந்தக் காயம் ஆறாத நேரம். 1898-ல் சூடானில் ஃபஷோடா என்கிற இடத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் போரோட விளிம்பு வரைக்கும் போய்த் திரும்பினாங்க. அந்த வருஷங்கள்லதான் இந்த மூணு நாட்டுப் பிள்ளைகளும் ஒருத்தருக்கொருத்தர் வேற்றுமை உருபும் வினைமுற்றும் திருத்திக்கிட்டிருந்தாங்க. 1914-ல் உலகப் போர் தொடங்கியது. கடிதம் எழுதிக்கொண்ட அதே தலைமுறைதான் பதுங்கு குழிகளில் எதிரெதிரே உட்கார்ந்தது. மொழி தெரிஞ்சா போர் வராதுன்னு நாம சுலபமா சொல்லிடுவோம். வரலாறு அப்படிச் சொல்லலை.

ரெண்டு பெடல்

அடுத்த கட்டத்துக்கு இன்னொரு உலகப் போரும் முடிய வேண்டியிருந்தது. 1963 ஜனவரி 22 அன்று பிரான்ஸ் அதிபர் டி கோல், ஜெர்மன் பிரதமர் அடெனாயர் ரெண்டு பேரும் பாரிஸில் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே வருஷம் ஜூலையில் ஃப்ரெஞ்ச்-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. ரெண்டு நாட்டு இளைஞர்களும் ஒரே இடத்துல சில வாரம் தங்கி, ஒருத்தர் மொழியை ஒருத்தர் கத்துக்கிற முகாம்கள் நடந்தன. அந்த முகாம்களைச் சுத்தித்தான் 1960-களின் கடைசியில் 'டேண்டம்' என்கிற பேர் புழக்கத்துக்கு வந்தது. ரெண்டு பேர் மிதிக்கிற அந்த சைக்கிளோட பேர்தான்.

1970-களில் இந்த யோசனை ஜெர்மனிக்குள்ளேயே வேற ஒரு இடத்துக்குப் போச்சு. 1961-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோட ஒரு ஒப்பந்தம் போட்டு, தொழிற்சாலைகளுக்கு ஆட்களை வரவழைத்தது. வந்தவங்களுக்கு 'விருந்தாளித் தொழிலாளர்கள்'னு பேர். வந்தவன்தான் ஜெர்மன் கத்துக்கணும், அதுதான் எல்லாருடைய எதிர்பார்ப்பும். அந்தச் சூழல்ல மியூனிக்கில் சிலர் ஜெர்மன்-துருக்கி டேண்டம் வகுப்புகளைத் தொடங்கினார்கள். ஜெர்மன்காரர் துருக்கி மொழி கத்துக்கணும், துருக்கிக்காரர் ஜெர்மன் கத்துக்கணும், ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர்.

சென்னையோட பொருத்திப் பாருங்களேன். உங்க அபார்ட்மெண்ட் வேலைக்கு வந்த ஒடிசா இளைஞர்கிட்ட நீங்க ஒடியா கத்துக்கிறீங்க, அவர் உங்ககிட்ட தமிழ் கத்துக்கிறார். அரை மணி, அரை மணி. கணக்கு சரியா இருக்கு, ஆனா நம்மள்ல எத்தனை பேருக்கு அது தோணியிருக்கும்? பிரான்ஸும் ஜெர்மனியும் மாத்திக்கிட்டப்போ ரெண்டுக்கும் சம மதிப்பு இருந்தது. மதிப்பு சமமா இல்லாத ரெண்டு மொழிகளை இந்த வகுப்பு ஒரே தராசுல வச்சது. டேண்டத்தோட உண்மையான பரீட்சை அங்கதான்.

போஹும் போட்ட ரெண்டு விதி

சரி, இணையத்துக்கு வருவோம். ஜெர்மனியில் ரூர் பகுதி, பழைய நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம். அங்க போஹும்னு ஒரு ஊர். காதுக்கு நம்ம 'போகும்' மாதிரியே கேட்கும். 1990-களின் தொடக்கத்தில் அங்கிருக்கும் ரூர் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் பிராம்மெர்ட்ஸ் என்கிறவர் ஒரு வேலை ஆரம்பிச்சார். மியேய் தபால்ல செஞ்சதை இவர் மின்னஞ்சல்ல செஞ்சார். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சர்வதேச மின்னஞ்சல் டேண்டம் வலைப்பின்னல் உருவாச்சு. ஐரோப்பிய ஒன்றியமும் நிதி கொடுத்தது.

மின்னஞ்சல்ல என்ன புதுசு? வேகம் மட்டும் இல்லை. பேச்சு காத்துல போயிடும். மின்னஞ்சல் எழுத்தா நிக்கும். தோழர் எழுதின வாக்கியத்தை அப்படியே வெட்டி ஒட்டி, கீழே திருத்தி அனுப்பலாம். நாளைக்கு மறுபடி படிக்கலாம். தபால் மாதிரி பத்து நாள் காத்திருக்கவும் வேண்டாம். அதனால கடிதத்தோட நிதானமும் கிடைச்சது, அரட்டையோட வேகமும் கிடைச்சது.

இந்தக் குழு ரெண்டு கொள்கைகளை எழுதி வச்சது. இன்னைக்கும் இதைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இந்த ரெண்டுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. முதலாவது, பரஸ்பரம்: ரெண்டு பேருக்கும் சம லாபம் இருக்கணும், ரெண்டு பேரும் சம உழைப்பு போடணும். ரெண்டாவது, தன்னாட்சி: நான் என்ன கத்துக்கணும்னு நான்தான் முடிவு பண்ணணும், அதை என் தோழர்கிட்ட நான்தான் கேட்கணும். அவர் வாத்தியார் இல்லை. அவருக்குத் தன் மொழியோட இலக்கணத்தை விளக்கத் தெரியாமலே இருக்கலாம். 'இப்படிச் சொல்ல மாட்டோம், இப்படித்தான் சொல்லுவோம்' அப்படிங்கிறதை மட்டும் அவரால உறுதியாச் சொல்ல முடியும். அதைப் பாடமா மாத்திக்கிறது நம்ம பொறுப்பு.

ஆப் இறக்கின ரெண்டாவது வாரம் 'ஹாய், எப்படி இருக்கீங்க, சாப்டீங்களா'வைத் தாண்ட முடியாம நின்னுபோறவங்க நிறைய பேர். அவங்க தடுக்கி விழுற இடம் பெரும்பாலும் இந்த ரெண்டாவது விதிதான். எதிர்ல இருக்கிறவர் நமக்குப் பாடம் நடத்துவார்னு எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பாங்க.

ஒரே சொல், ரெண்டு பட்டியல்

1997-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி-யில் இன்னொரு சோதனை. ஜில்பெர்ட் ஃபர்ஸ்டன்பெர்க்கும் அவரோட சக ஆசிரியர்களும் 'கல்ச்சுரா'ன்னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. அமெரிக்க மாணவர்கள் ஒரு பக்கம், ஃப்ரெஞ்ச் மாணவர்கள் ஒரு பக்கம். ரெண்டு தரப்புக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து, மனசுல என்ன தோணுதோ எழுதச் சொல்லுவாங்க. அப்புறம் ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வைப்பாங்க.

'தனிமனிதவாதம்'னு நாம சொல்றோமே, அந்தச் சொல்லோட ஆங்கில, ஃப்ரெஞ்ச் வடிவங்களைப் பார்த்தா எழுத்துக்கூட கிட்டத்தட்ட ஒண்ணுதான். அகராதியும் ரெண்டும் ஒண்ணுன்னுதான் சொல்லும். ஆனா அமெரிக்க மாணவர்கள் எழுதினது சுதந்திரம், படைப்பாற்றல் மாதிரியான சொற்கள். ஃப்ரெஞ்ச் மாணவர்கள் எழுதினது சுயநலம், தனிமை. ஒருத்தருக்குப் பாராட்டு, இன்னொருத்தருக்குக் கிட்டத்தட்ட வசை. 'நீ ரொம்ப சுதந்திரமானவன்'னு சொல்றதா நினைச்சு 'நீ ரொம்ப சுயநலக்காரன்'னு சொல்லி முடிக்கலாம்.

கல்ச்சுராவுல இன்னொரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. விவாதத்துல எல்லாரும் அவங்கவங்க தாய்மொழியிலேயே எழுதணும். மொழி கத்துக்கிற வகுப்புல இதென்ன கூத்துன்னு தோணும். காரணம் நியாயமானது. கத்துக்கிற மொழியில எழுதினா, தெரிஞ்ச சொற்களுக்குள்ள அடங்கின கருத்தை மட்டும்தான் சொல்ல முடியும். தாய்மொழியில எழுதினா மனசுல இருக்கிறதை முழுசாச் சொல்லலாம். எதிர்ல இருக்கிறவர் அதைப் படிச்சே மொழி கத்துக்குவார். யாரும் யாருக்கு முன்னாலும் குழந்தை மாதிரி பேச வேண்டியதில்லை. சமத்துவத்தைக் கொண்டுவர இது இன்னொரு வழி.

கணக்குப் புத்தகத்தில் ஏறாத உழைப்பு

2003-ல் ஸ்கைப் வந்தது. கம்ப்யூட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் பேசக் காசு இல்லைன்னதும் இந்தப் பழக்கம் பல்கலைக்கழகத்தை விட்டு வெளிய வந்துடுச்சு. அடுத்து 2007, பெரிய வருஷம். அமெரிக்காவின் சியாட்டிலில் லைவ்மோக்கா தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சிரீஷ் நாட்கர்னி. அதே வருஷம் ஜப்பானில் லாங்-எய்ட் வந்தது, சீனாவில் ஐடாக்கி வந்தது. அப்புறம் ஹலோடாக், டேண்டம்னு போன் ஆப்கள் வரிசையா வந்தன.

லாங்-எய்ட்டோட யோசனை ரொம்ப எளிமை. நீங்க கத்துக்கிற மொழியில டைரி எழுதுங்க. அந்த மொழிக்காரங்க வரி வரியா திருத்துவாங்க. பதிலுக்கு உங்க மொழியில மத்தவங்க எழுதினதை நீங்க திருத்துங்க. முன்பின் தெரியாத ஒருத்தர் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, உங்க அரைகுறை ஜப்பானிய வாக்கியத்துல ஒரு 'வா'வை 'கா'வா மாத்தி, ஏன் மாத்தினேன்னு நாலு வரி விளக்கமும் எழுதுவார். இப்படி லட்சக்கணக்கான வாக்கியங்கள் திருத்தப்பட்டன.

இங்கதான் கதை கொஞ்சம் சிக்கலாகுது. லைவ்மோக்காவில் 1.6 கோடி உறுப்பினர்கள் சேர்ந்திருந்தார்கள். 2013-ல் ரொசெட்டா ஸ்டோன் நிறுவனம் அதை 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. கணக்குப் போட்டா ஒரு உறுப்பினருக்கு அரை டாலர் சொச்சம். 2016-ல் தளம் மூடப்பட்டது. ஒருத்தருக்கொருத்தர் திருத்திக்கிட்ட பயிற்சிகளும், அங்க மட்டுமே பழகின நட்புகளும் அதோட போச்சு. மியேயோட மாணவர்கள் எழுதின கடிதம் யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல இன்னமும் இருக்க வாய்ப்பு உண்டு. இந்தத் திருத்தங்களுக்கு அந்தப் பரணும் இல்லை.

லாங்-எய்ட் 2017-ல் புது உறுப்பினர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. ஆனா அதுல இருந்த திருத்தங்களுக்கு வேற ஒரு வாழ்க்கை கிடைச்சது. தப்பான வாக்கியம், பக்கத்திலேயே சரியான வாக்கியம், இப்படி ஜோடி ஜோடியா இருந்தா அது கம்ப்யூட்டருக்குப் புதையல். 2011-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தத் தரவைத் திரட்டி ஆய்வு வெளியிட்டாங்க. பின்னாடி கூகுள் ஆய்வாளர்கள் வரைக்கும் பலர், இலக்கணப் பிழை திருத்தும் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க அதைப் பயன்படுத்தினாங்க. அந்த ராத்திரி பதினொரு மணி ஆள் ஒரு மாணவனுக்காகச் செஞ்ச உதவி, கடைசியில ஒரு இயந்திரத்துக்கும் பாடமாச்சு. அதனால எல்லாருக்கும் நல்ல கருவி கிடைச்சதுன்னும் சொல்லலாம், அவர்கிட்ட யாரும் கேட்கலையேன்னும் சொல்லலாம். எனக்கு ரெண்டுமே உண்மையாத்தான் படுது.

எட்டுப் பேர் மொழி

இன்னொரு தளம் 2008-ல் வந்தது. பேர் புசூ. இந்தப் பேர் எங்கிருந்து வந்ததுன்னு தெரியுமா? கேமரூன் நாட்டுல புசூன்னு ஒரு மொழி இருக்கு. 1986 கணக்கின்படி அதைப் பேசினவங்க எட்டே பேர். அந்த மொழியோட பேரை எடுத்துத்தான் தளத்துக்கு வச்சாங்க. 2021-ல் அந்த நிறுவனத்தை சுமார் 38.5 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்பந்தம் ஆச்சு.

குத்தம் சொல்ல இதை எடுக்கலை. அந்த நிறுவனம் அழியும் மொழிகள் மேல கவனம் திருப்பணும்னு நினைச்சுத்தான் அந்தப் பேரை வச்சிருக்கு. ஆனா நம்ம விதியோட எல்லை இங்க அப்பட்டமாத் தெரியுது. 'பாதி உன் மொழி, பாதி என் மொழி'ங்கிறது பண்டமாற்று. சந்தையில உங்க பண்டத்தைக் கேட்க ஒருத்தர் இருந்தாத்தான் அது நடக்கும். புசூ மொழி பேசுற அந்த எட்டுப் பேர்ல ஒருத்தர் ஸ்பானிஷ் கத்துக்க வந்தா, பதிலுக்கு என்ன கொடுப்பார்? அவர் கையில இருக்கிறது அரிய பொக்கிஷம், ஆனா கேட்கத்தான் ஆள் இல்லை.

எட்டுக் கோடிப் பேர் கிட்ட பேசுற தமிழுக்கு அந்த நிலைமை இல்லை. இருந்தாலும் இந்த ஆப்கள்ல கணக்கு தொடங்கினவங்களுக்கு நான் சொல்றது புரியும். நான் ஸ்பானிஷ் தோழர் தேடும்போது, 'தாய்மொழி' கட்டத்துல தமிழ்னு போட்டா வாரக்கணக்கா ஒரு மெசேஜும் வராது. ஆங்கிலம்னு மாத்தினா அன்னைக்கே நாலு பேர் வருவாங்க. நம்ம ஊர்ல இதைச் செய்யாதவங்க குறைவு. உலகச் சந்தையில நம்ம ஆங்கிலம்தான் சில்லறை, தமிழ் பெரிய நோட்டு மாதிரி. மதிப்பு இருக்கு, ஆனா கடையில மாத்த முடியாது.

பெண்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 'மொழி கத்துக்கணும்'னு ஆரம்பிக்கிற மெசேஜ் மூணாவது வரியில போட்டோ கேட்கும். என் தோழிகள் பலர் இதனாலேயே விட்டுட்டாங்க. எதிர்ல இருக்கிறவர் உண்மையிலேயே மிதிக்க வந்தவரா, சும்மா கேரியர்ல ஏற வந்தவரான்னு முதல் ரெண்டு நாள்லயே பார்க்கணும்னு இப்போ அவங்க மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாங்க.

நாம் பேசுகிறோம்

சமமா இல்லாத இடத்துல சமத்துவத்தை எப்படிக் கொண்டு வர்றது? ரெண்டு உதாரணம் சொல்லிட்டு முடிக்கிறேன்.

2014-ல் பிரேசிலில் சி.என்.ஏ. என்கிற ஆங்கிலப் பயிற்சிப் பள்ளி, சிகாகோ பக்கத்துல இருக்கிற ஒரு முதியோர் குடியிருப்போட தன் மாணவர்களை வீடியோவுல இணைத்தது. விளம்பரத்துக்காகத்தான் செஞ்சாங்க, ஆனா அதுல ஒரு நல்ல யோசனை இருந்தது. அந்தப் பாட்டி தாத்தாக்களுக்குப் போர்ச்சுகீஸ் வேண்டாம். பேச ஒரு ஆள் வேணும். பசங்களுக்கு அவசரப்படாம ஆங்கிலம் பேசுற ஒருத்தர் வேணும். மொழிக்குப் பதில் மொழின்னு இல்லாம, மொழிக்குப் பதில் துணை. இதுலயும் ரெண்டு பெடல் இருக்கு.

ரெண்டாவது, 2015-ல் அலின் சாரா என்கிற லெபனான் வம்சாவளி அமெரிக்கப் பெண் தொடங்கிய 'நதகல்லம்'. சிரியப் போரில் வீட்டை இழந்து லெபனானுக்கு வந்த அகதிகளுக்கு அங்க வேலை செய்யச் சட்டப்படி ஏகப்பட்ட தடை. ஆனா அவங்ககிட்ட அரபு மொழி இருந்தது. உலகம் முழுக்க அரபு கத்துக்கிற மாணவர்களுக்குப் பேசிப் பழக ஆள் வேண்டியிருந்தது. ஸ்கைப்ல இணைச்சு, அகதிகளுக்குப் பணம் கொடுத்தாங்க. 'காசு கிடையாது'ன்னு நான் ஆரம்பத்துல சொன்ன விதி இங்க உடையுது. உடையறதுதான் நியாயமும்கூட. ஒருத்தர் வசதியா, இன்னொருத்தர் எல்லாத்தையும் இழந்து நிக்கும்போது, நீ எனக்கு ஒரு மணி நேரம், நான் உனக்கு ஒரு மணி நேரம்னு சொல்றது பார்க்கச் சமமா இருக்கும், உள்ள சமம் இல்லை. முன்ஷிக்கும் சம்பளம்தானேன்னு கேட்கலாம். வித்தியாசம் இருக்கு. இங்க ஆண்டவனும் ஆளப்பட்டவனும் இல்லை, தன் கதையைத் தானே சொல்ற ஒருத்தரும், கேட்கிற ஒருத்தரும் இருக்காங்க.

அரபுல 'நதகல்லம்'னா 'பேசுகிறோம்'. தமிழ்ல இதைச் சொல்லும்போது நமக்கு ஒரு கேள்வி வரும். 'நாங்கள் பேசுகிறோம்'னா, 'நாம் பேசுகிறோம்'னா? எதிர்ல இருக்கிறவரைச் சேர்த்தா, சேர்க்காமலா? அரபுலயும் இந்தப் பிரிவு இல்லை, ஆங்கிலத்துலயும் இல்லை. மெக்சிகோவுல இருக்கிற ஒரு ஸ்கூல் டீச்சரோட நான் வாரம் ஒருநாள் பேசுறேன். நமக்குக் காலைல ஏழு மணி, அவங்களுக்கு முந்தின நாள் ராத்திரி ஏழரை. அரை மணி நேரம் ஸ்பானிஷ், அரை மணி நேரம் ஆங்கிலம், அவங்களே கேட்டு வாங்கிக்கிட்ட கடைசிப் பத்து நிமிஷம் தமிழ். இந்த நாம்-நாங்கள் கணக்கைச் சொன்னப்போ அவங்க நோட்டுல ரெண்டு வட்டம் போட்டுப் பார்த்தாங்க. 'போயிட்டு வரேன்'னு ஏன் சொல்றீங்க, நீங்க திரும்பி வரப் போறதில்லையேன்னும் கேட்டிருக்காங்க. அந்தக் கேள்வியை 30 வருஷமா எனக்கு நானே கேட்டுக்கிட்டதில்லை.

அதனால நீங்க இதை முயற்சி பண்றதா இருந்தா, போஹும் ஆட்கள் சொன்னதை வச்சு மூணு விஷயம். டைமர் வைங்க, சரிபாதியில மொழியை மாத்துங்க. எல்லாத் தப்பையும் திருத்தாதீங்க, அன்னைக்கு முக்கியமான மூணு நாலை மட்டும் திருத்துங்க. என்ன பேசணும்னு முன்னாடியே எழுதிட்டுப் போங்க. அப்புறம் என் பங்குக்கு நாலாவது ஒண்ணு: தாய்மொழி கட்டத்துல தமிழை அழிக்காதீங்க. ஆங்கிலத்தைக் கூடச் சேர்த்துக்கோங்க. கேட்க ஆள் வர்றதுக்குக் கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான்.

இப்போ எல்லார் கையிலயும் செயற்கை நுண்ணறிவு இருக்கு. எந்நேரமும் பேசும், எத்தனை தடவை தப்பு விட்டாலும் திருத்தும், சலிச்சுக்காது. கூச்சத்தைப் போக்கிக்க அது ரொம்ப நல்லது, நானும் பயன்படுத்துறேன். ஆனா அதுக்கு உங்ககிட்ட இருந்து எதுவும் வேண்டாம். அரை மணி முடிஞ்சதும் 'இப்ப என் முறை'ன்னு அது சொல்லாது. முழுக்க முழுக்க நீங்க கேரியர்லயே உட்கார்ந்து வரலாம். 1897-ல் திராகின்யான் பசங்களுக்குக் கிடைச்சது வேற. கடல் தாண்டி ஒருத்தன் இவங்க ஃப்ரெஞ்சுக்காகக் காத்துக்கிட்டிருந்தான்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, சேர்ந்து மொழி கத்துக்க ஆள் தேடிக்கிட்டிருக்கிற ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம். போயிட்டு வரேன்.